'நாங்க விளையாட வரல்ல' என்று அவர்கள் சொன்னால்?

கேள்வி: திருகோணமலை மாவட்டத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். மாதத்தில் இரண்டு மூன்று செயலமர்வு நடத்த வேண்டி வரும். மாதர் சங்கம், கடற்றொழிலாளர் சங்கம், முன்பள்ளி ஆசிரியைகள் என்று எல்லாரும் வருவார்கள். போன மாதம் மூதூர்ப் பக்கம் கூட்டுச் சேமிப்பும் கணக்கு எழுதுவதும் பற்றி ஒரு செயலமர்வு. தமிழ், முஸ்லிம் பெண்களோடு சேருவிலப் பக்கத்திலிருந்து சில சிங்களப் பெண்களும் வந்திருந்தார்கள். ஆண்கள் ஆறு பேர். ஆளுக்கு ஆள் பழகட்டும் என்று 'மனித முடிச்சு' விளையாட்டை வைத்தேன். கை கோக்கச் சொன்னதும் பாதிப் பேர் பின்வாங்கிவிட்டார்கள். ஒரு அம்மா, "நாங்க கணக்கெழுதப் படிக்க வந்தம் மகள், விளையாட வரல்ல" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் போய் உட்கார்ந்துவிட்டார். பின்னால் இருந்து பார்த்த மேலதிகாரி, "விளையாட்டுக் காட்டாமல் விசயத்தைச் சொல்லுங்க" என்றார். அடுத்த மாதம் குச்சவெளிப் பக்கத்தில் மீனவர்களுக்கு ஒரு செயலமர்வு இருக்கிறது. விளையாட்டுகளை அடியோடு விட்டுவிடட்டுமா?

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

விட்டுவிட வேண்டாம். ஆனால் அந்த அம்மா சொன்னது சரி. முதலில் அதை ஏற்றுக்கொண்டு தொடங்குவோம்.

அவர் வீட்டில் சமைத்து வைத்து, பிள்ளையை யாரிடமோ விட்டு, பஸ்ஸுக்குக் காசு கொடுத்து வந்திருப்பார். கணக்கு எழுதப் பழக்குவோம் என்று சொல்லித்தான் நீங்கள் கூப்பிட்டிருக்கிறீர்கள். வந்து உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில், அறிமுகமில்லாத ஆம்பிளை ஒருவரின் கையைப் பிடிக்கச் சொன்னால் அவர் என்ன செய்வார்? மனித முடிச்சில் பத்துப் பேர் வட்டமாக நின்று, எதிரே நிற்பவர்களின் கைகளைக் குறுக்கே பிடித்து, பிடியை விடாமல் குனிந்தும் தாண்டியும் சிக்கலை அவிழ்க்க வேண்டும். பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு அது நல்ல விளையாட்டு. மூதூரிலும் கிண்ணியாவிலும் ஆணும் பெண்ணும் கலந்திருக்கும் சபையில் அதை வைத்தது பிழையான தெரிவு. சேலையோடும் அபாயாவோடும் முழங்கால் வருத்தத்தோடும் வந்தவர்களுக்கு அது இன்னும் கஷ்டம். உங்களுக்குத் திறமை இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. வந்திருந்தவர்களைப் பார்த்து நீங்கள் விளையாட்டைத் தெரிவு செய்யவில்லை, அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய பிழையை நான் செய்திருக்கிறேன். 2005ஆம் ஆண்டு நடுப்பகுதி, கடற்கோள் (சுனாமி) வந்து ஆறேழு மாதம். கடலோரக் கிராமம் ஒன்றில் தகரக் கொட்டிலில் பெண்களுக்கு ஒரு செயலமர்வு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாருக்கும் கண் சொக்கியது. கையிலிருந்த பயிற்சிக் குறிப்பில் முதலாவதாக இருந்த விளையாட்டை எடுத்தேன். எல்லாரும் நடந்துகொண்டிருப்பார்கள். "கப்பல் மூழ்குது, மூன்று பேராச் சேருங்க!" என்று நான் கூவ வேண்டும். உடனே மூன்று மூன்று பேராகக் கட்டிப் பிடித்துக்கொள்வார்கள், மிஞ்சியவர் வெளியே போக வேண்டும். இரண்டு தரம் கூவினேன், சிரித்துக்கொண்டுதான் ஓடினார்கள். மூன்றாம் தரம் ஒரு பெண் நடுவில் அசையாமல் நின்றார். சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனார். அலை வந்த அன்று அவருடைய கையிலிருந்து பிள்ளை நழுவிப் போனதைப் பக்கத்தில் நின்றவர் பிறகுதான் சொன்னார். அந்தக் கொட்டிலிலிருந்து கடல் தெரியும். அந்த இடத்தில் நின்றுகொண்டு 'கப்பல் மூழ்குது' என்று கூவியிருக்கிறேன்.

அன்றிலிருந்து எந்த விளையாட்டையும் அதன் பெயரைப் பார்த்து எடுப்பதில்லை. இதில் மனிதர்கள் உடம்பால் என்ன செய்ய வேண்டும், எதை இழந்ததாக நடிக்க வேண்டும் என்று பார்க்கிறேன். நம் மாவட்டத்தில் கண்ணைக் கட்டிக் கூட்டிப்போகும் விளையாட்டை நான் வைப்பதே இல்லை. பலூன் உடைக்கும் விளையாட்டும் இல்லை. அந்தச் சத்தத்துக்கு இன்றைக்கும் உடம்பு தூக்கிப்போடுகிறவர்கள் சம்பூரிலும் இருக்கிறார்கள், மூதூரிலும் இருக்கிறார்கள். சாப்பாட்டை வைத்தும் விளையாட வேண்டாம். ஸ்பகெட்டிக் குச்சிகளை ஒட்டிக் கோபுரம் கட்டி உச்சியில் மாஷ்மெல்லோ என்ற மெத்தென்ற இனிப்பைக் குத்தும் விளையாட்டு உலகமெங்கும் பிரபலம். எங்கள் ஆட்களிடம் அதைக் கொண்டுபோனால், சாப்பிடும் பொருளைப் பாழாக்குகிறார்களே என்ற எண்ணத்திலேயே அவர்களுக்கு நேரம் போய்விடும். நோன்பு மாதத்தில் ஓட்ட விளையாட்டு வேண்டாம் என்பது உங்களுக்கே தெரியும்.

சரி, மூதூரில் வேறு எதைச் செய்திருக்கலாம்? என் பையில் எப்போதும் இருக்கும் ஒன்றைச் சொல்கிறேன். ஐந்து சதுரங்கள் என்று பெயர். அலெக்ஸ் பவேலஸ் என்ற உளவியலாளர் 1950 வாக்கில் குழுக்களை ஆராய்வதற்காக உருவாக்கியது. பிஸ்கட் பெட்டி அட்டையில் ஆறு அங்குலச் சதுரம் ஐந்து வெட்டி, ஒவ்வொன்றையும் மூன்று துண்டாக்குவோம். மொத்தம் 15 துண்டு. அவற்றைக் கலந்து ஐந்து கடித உறைகளில் போட்டு, மேசையைச் சுற்றி இருக்கும் ஐந்து பேருக்கு ஆளுக்கொன்று கொடுக்க வேண்டும். ஐந்து பேர் முன்னாலும் ஒரே அளவில் ஒவ்வொரு சதுரம் வந்தால்தான் வேலை முடிந்தது. பேசக்கூடாது, கை காட்டக்கூடாது, மற்றவரிடம் இருப்பதைக் கேட்கவோ எடுக்கவோ கூடாது. தன்னிடம் இருப்பதைக் கொடுக்க மட்டும் செய்யலாம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். யாரும் எழும்பத் தேவையில்லை, யாரையும் தொடத் தேவையில்லை. பேச்சே இல்லாததால் தமிழ் தெரிந்தவர், சிங்களம் தெரிந்தவர் என்ற வித்தியாசமும் அந்த இருபது நிமிடத்துக்கு இல்லாமல் போகிறது. விதிகளை மட்டும் இரண்டு மொழியிலும் ஆறுதலாகச் சொல்லிவிடுங்கள்.

இந்த விளையாட்டின் சூட்சுமம் வெட்டுவதில் இருக்கிறது. சில துண்டுகளை ஒன்றுக்கொன்று மாற்றி வைத்தாலும் சதுரம் வரும்படி வெட்டுவார்கள். அதனால் ஒருவர் பிழையான துண்டுகளை வைத்தே தன் சதுரத்தை முடித்துவிடலாம். அவர் முடித்ததாலேயே மற்றவர்களால் முடிக்க இயலாமல் போகும்.

தம்பலகாமத்தில் ஒருமுறை இதை வைத்தேன். ஒரு மேசையில் சங்கத் தலைவர் ஒருவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும், இரண்டே நிமிடத்தில் சதுரத்தைச் சேர்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார். எதிரே இளம் பெண் ஒருவர் இரண்டு துண்டை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், வரவே மாட்டேன் என்கிறது. தலைவரின் சதுரத்தில் இருக்கிற நீளமான முக்கோணம் அவருக்குத்தான் வேண்டும். கேட்கவும் முடியாது. எட்டு நிமிடம் அப்படியே போனது. மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். தலைவர் யன்னலைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், அந்தப் பிள்ளையின் கையைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தன் சதுரத்தைக் கலைத்து, அந்த முக்கோணத்தை அவர் பக்கம் தள்ளினார். அடுத்த இரண்டு நிமிடத்தில் ஐந்தும் முடிந்தது.

அதோடு பிளேன்டிக்கு விட்டிருந்தால் அது வெறும் பொழுதுபோக்குத்தான். உட்கார வைத்து, "என்ன நடந்தது?" என்று கேட்டேன். தலைவரே தொடங்கினார்: "எனக்கு முடிஞ்சிட்டு எண்டு நினைச்சன் மிஸ். மற்ற ஆக்களுக்கு ஏன் இவ்வளவு நேரம் எண்டுதான் யோசிச்சன்." கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்த இளம் பெண் சொன்னார்: "எங்கட சங்கத்துச் சேமிப்பிலயும் இப்படித்தானே. முதல் சுற்றில கடன் எடுத்தவங்க, தங்கட வேலை முடிஞ்ச மாதிரி இருந்திடுவாங்க. பின்னுக்கு நிக்கிற ஆக்கள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்." கடன் திருப்பிச் செலுத்துவது பற்றி நான் அரை நாள் பேசியிருந்தாலும் அந்தச் சபையில் அப்படி ஒரு பேச்சு எழும்பியிருக்காது. அதன் பிறகுதான் கணக்குப் புத்தகத்தைத் திறந்தோம். யார் எப்போது எடுத்தார், எப்போது கட்ட வேண்டும் என்று கோடு போடுவதற்கு அவர்களே அவசரப்பட்டார்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் குறையாகப் பட்டது இதுதான். என்ன விளையாட்டு வைத்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது முடிந்ததும் என்ன கேட்க நினைத்திருந்தீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை. பெரியவர்களுக்கான பயிற்சியில் விளையாட்டு நடந்ததைப் பற்றிப் பேசும் பேச்சில்தான் அவர்கள் படிக்கிறார்கள். விளையாட்டு, அந்தப் பேச்சுக்கு வேண்டிய சம்பவத்தைக் கண் முன்னால் நடத்திக் கொடுக்கிறது.

நடந்ததைப் பேசிப் படிக்கும் இந்த முறை கண்டுபிடிக்கப்பட்ட விதமே ஒரு கதை. 1946 கோடையில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், இன, மதத் துவேசத்தைக் குறைக்க உழைக்கும் சமூகத் தலைவர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. நடத்தியவர் கேர்ட் லெவின், நாசிகளின் ஜெர்மனியிலிருந்து தப்பிப்போன யூத உளவியலாளர். பகலில் பங்குபற்றுநர்கள் கலந்துரையாடுவார்கள், நடித்துப் பார்ப்பார்கள். இரவில் வளவாளர்களும் அவதானிப்பாளர்களும் தனியாகக் கூடி, இன்றைக்கு யார் எப்படி நடந்துகொண்டார் என்று பேசுவார்கள். ஒரு இரவு பங்குபற்றுநர் சிலர், நாங்களும் இருந்து கேட்கலாமா என்று வந்தார்கள். லெவின் சம்மதித்தார். தன்னைப் பற்றி அவதானிப்பாளர் சொன்னதைக் கேட்ட ஒரு பெண், இல்லை, நடந்தது அப்படியில்லை என்று மறுத்தார். பேச்சு சூடு பிடித்தது. அடுத்தடுத்த இரவுகளில் மற்றவர்களும் வரத் தொடங்கினார்கள். பகல் முழுவதும் நடந்த பயிற்சியைவிட அந்த இரவுப் பேச்சில்தான் ஆட்கள் மாறினார்கள் என்பதை எல்லாருமே கண்டுகொண்டார்கள். அடுத்த ஆண்டே லெவின் காலமானார். ஆனால் இன்றைக்கு நாம் செய்கிற குழுப் பயிற்சிகளுக்கு அந்த இரவுகள்தான் வேர். மூன்று சமூகமும் ஒரே மண்டபத்தில் உட்காரும் நம் மாவட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான கதை எனக்குத் தெரியாது.

ஆகவே இருபது நிமிட விளையாட்டுக்குக் குறைந்தது அரை மணிநேரப் பேச்சு வையுங்கள். கேள்விகளை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள். டேவிட் கோல்ப் 1984இல் எழுதிய அனுபவக் கற்றல் வட்டத்தைப் பயிற்சியில் படித்திருப்பீர்கள். அதை எங்கள் ஆட்களிடம் கேட்பதென்றால் இப்படித்தான் வரும்: என்ன நடந்தது? அப்போது மனதுக்கு எப்படி இருந்தது? இதே மாதிரி வீட்டிலோ சங்கத்திலோ எங்கே நடக்கிறது? அடுத்த கூட்டத்தில் எதை மாற்றுவோம்? மூன்றாவது கேள்விக்கு வந்ததும் அவசரப்பட வேண்டாம். அந்த இடத்தில் அநேகமாக அமைதியாகத்தான் இருப்பார்கள். அதை நிரப்ப நீங்கள் பாடம் சொல்லத் தொடங்கினால் எல்லாம் போயிற்று. மனதுக்குள் இருபது வரை எண்ணுங்கள். யாராவது வாய் திறப்பார்கள்.

விளையாட விரும்பாதவர்களைக் கெஞ்சவும் வேண்டாம், கைதட்டி இழுக்கவும் வேண்டாம். தொடக்கத்திலேயே, "சேராதவர்கள் பார்த்திருந்து, கண்டதைப் பிறகு எங்களுக்குச் சொல்லுங்கள்" என்று ஒரு வேலையைக் கொடுத்துவிடுங்கள். உங்கள் மூதூர் அம்மா நல்ல அவதானிப்பாளராக இருந்திருப்பார் என்றே நினைக்கிறேன். பேசப் பயப்படாதவர் அவர்.

அப்புறம், மண்டபத்துக்கு அரை மணிநேரம் முந்திப் போங்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை நாங்கள் பாதையில்தான், அதாவது ஆட்களை ஏற்றிக் கடக்கும் மிதவையில்தான், அக்கரைக்குப் போவோம். வருகிறவர்களில் பாதிப் பேரை அந்தப் பாதையிலேயே சந்தித்துவிடுவேன். யாருக்கு உடம்பு சரியில்லை, எந்த இரண்டு பேருக்குள் பேச்சுவார்த்தை இல்லை, யார் வீட்டில் அண்மையில் மரணம் என்பதெல்லாம் கரை சேருமுன் தெரிந்துவிடும். இப்போது வாசலில் போய் இறங்கி, பெனரைக் கட்டி, உடனே தொடங்கிவிடுகிறோம்.

மேலதிகாரி விசயம். அவரோடு வாதாட வேண்டாம். அடுத்த முறை நிகழ்ச்சி நிரலில் விளையாட்டு என்று எழுதாமல், அதன் நோக்கத்தை எழுதுங்கள்: 'கடன் சுழற்சி பற்றிய குழுச் செயற்பாடு, கலந்துரையாடல்'. ஆட்கள் சொன்ன வசனங்களை அவர்கள் வாயில் வந்தபடியே பெரிய தாளில் எழுதி அறிக்கையோடு இணையுங்கள். முடிந்தால் அவரையும் ஒரு மேசையில் உறையோடு உட்கார வையுங்கள்.

இனிக் குச்சவெளி. மீனவர்களுக்கு நான் வைப்பது புளியங்கொட்டை. நான்கு பேர் சுற்றி இருக்க, நடுவில் ஒரு தட்டில் 16 கொட்டை. தட்டுத்தான் கடல், கொட்டை மீன், ஒரு சுற்று ஒரு பருவம். ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கு விருப்பமான அளவு எடுக்கலாம். ஒன்றுகூட எடுக்காத வீட்டில் அடுப்பு எரியாது, அவர் விளையாட்டில் இல்லை. எல்லாரும் எடுத்த பிறகு தட்டில் மிஞ்சியது எத்தனையோ, அதே அளவு இன்னும் நீங்கள் போடுவீர்கள். மீன் குஞ்சு பொரிக்கிறது. ஆனால் 16க்கு மேல் கடல் தாங்காது. முதல் ஆட்டத்தைப் பேசாமல் ஆடச் சொல்லுங்கள். பெரும்பாலும் முதல் சுற்றிலோ இரண்டாம் சுற்றிலோ தட்டு காலி. இரண்டாவது ஆட்டத்தில் பேச விடுங்கள். யாராவது ஒருவர் கணக்குப் பார்த்துவிடுவார்: ஆளுக்கு இரண்டு எடுத்தால் எட்டு மிஞ்சும், எட்டு 16 ஆகும், இப்படியே எத்தனை பருவமும் போகலாம்.

பொதுவான மேய்ச்சல் நிலம் கடைசியில் பாழாகத்தான் போகும் என்று காரெட் ஹார்டின் என்ற சூழலியலாளர் 1968இல் எழுதினார். அவர் சொன்ன இடையர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதே இல்லை. எலினோர் ஒஸ்ட்ரம் ஊர் ஊராக ஆராய்ந்து, மக்கள் கூடிப் பேசித் தாங்களே விதி வகுத்துப் பொது வளத்தைக் காப்பாற்றுவதும் உண்டு என்று காட்டினார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார், அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண். இந்தப் பெயர்களைக் குச்சவெளியில் சொல்லத் தேவையில்லை. கரைவலையை முறை வைத்து இழுத்துப் பழகியவர்களுக்கு விசயம் ஏற்கெனவே தெரியும். நீங்கள் தெளிவாக இருப்பதற்காகச் சொல்கிறேன்.

மூன்றாவது ஆட்டத்தில் ஒருவரிடம் மட்டும் ஒரு கரண்டியைக் கொடுங்கள், மற்றவர்கள் விரலால் எடுக்கட்டும். அந்தக் கரண்டி எந்த வலை என்று நீங்கள் வாய் திறக்க வேண்டியதில்லை, அவர்களே சொல்வார்கள். மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளும் சுருக்கு வலையால் நம் கடலோரத்தில் எவ்வளவு மனக்கசப்பு இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் சங்கத் தலைவரிடம் முதலே பேசிவிடுங்கள். இரண்டு பக்கத்து ஆட்களும் வருகிறார்கள் என்றால், முதல் நாளில் கரண்டி வேண்டாம், இரண்டு ஆட்டத்தோடு நிறுத்துங்கள். அந்தப் பேச்சைத் தாங்கும் அளவுக்கு அவர்கள் உங்களை நம்பிய பிறகு கரண்டியை எடுக்கலாம். நானும் எல்லா இடத்திலும் அதை எடுப்பதில்லை.

காலை எட்டரைக்கு வையுங்கள் என்று மேலிடத்தில் சொன்னாலும், படகு கரைக்கு வந்து மீன் விற்று முடிகிற நேரத்தைக் கேட்டு அதற்குப் பிறகு வையுங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம். புளியங்கொட்டையைக் கழுவிக் காயவைத்து, குழுவுக்கு 16 எண்ணிப் பொட்டலம் கட்டிக்கொள்ளுங்கள். பெருக்கிப் போடுவதற்கு இன்னும் இரண்டு கைப்பிடி தனியாக வேண்டும். முடிந்ததும் அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.